பொன் டப்பி யாருடைய பொன்?

மூக்குப்பொடி அற்பமான வஸ்து. அதை வைக்கும் கலமும் நம் நாட்டில் பெரும்பாலும் அற்பமானதாகவே இருந்து வந்திருக்கிறது. பொடிமட்டையை மடியிலே செருகிக்கொண்டு தாமிரபர்ணிக் கரைத் திண்ணைகளில் இலக்கணமும் வேதாந்தமும் தர்க்கித்த பண்டிதர்கள் அதற்குமேல் ஆடம்பரம் தேடியவர்களல்லர். புகையிலை நம் மண்ணின் சரக்கும் அன்று. கடல் கடந்து வந்தது. வந்ததை நம்மவர் எவ்வளவு விரைவில் சொந்தமாக்கிக் கொண்டனர் என்பதற்குச் சீனிச் சர்க்கரைப் புலவரே சாட்சி. பழனியில் எழுந்தருளிய முருகப் பெருமானிடம் அவர் தூது அனுப்பத் தேர்ந்தெடுத்தது அன்னத்தையுமல்ல, கிளியையுமல்ல; புகையிலையை! 'புகையிலை விடு தூது' என்னும் அந்நூலை 1939-ம் வருஷத்தில் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் பதிப்பித்து உதவினார்கள்.

இந்த அற்ப வஸ்துவுக்குப் பொன்னால் வீடு கட்டி, வைரத்தால் வேலி போட்டு, அதை ராஜாங்க காரியத்துக்கு ஒரு கருவியாகவே ஆக்கிய சாமர்த்தியம் ஐரோப்பிய அரசர்களுடையது. அந்தப் பொன் டப்பியின் சரித்திரத்தை அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் உள்ள நேயர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். அரசன் கையிலிருந்து உத்தியோகஸ்தன் கைக்கு மாறும் பொன் யாருடைய பொன், எந்தச் சேவைக்காக மாறுகிறது என்ற கேள்வி எக்காலத்துக்கும் உரியது. அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே அம்பாசமுத்திரத்துக் கல் ஒன்று ஒருவகையில் விடை சொல்லி வைத்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் டப்பியைக் கவனிப்போம். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர்கள் இவ்வேலையில் தலைசிறந்து விளங்கினார்கள். டப்பி உள்ளங்கைக்குள் அடங்கும். பொன்னோடு செம்பை மிகுதியாகக் கலந்தால் சிவந்த பொன். வெள்ளியைக் கலந்தால் பசுமை சாயல் பெற்ற பொன். இவ்வாறு ஒரே மூடியின் மேல் பல நிறப் பொன்னால் பூவும் கொடியும் இழைத்தார்கள். மூடியைத் தாங்கும் கீல் வெளியே தெரியாது. மூடினால் காற்று நுழையாது; நுழைந்தால் பொடி உலர்ந்து மணம் போய்விடும் அல்லவா? 1770-ல் பிரான்ஸின் பட்டத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மரீ அந்துவானெத்துக்கு வந்த கலியாணச் சீர்வரிசையில் மட்டும் 52 பொன் டப்பிகள் இருந்தனவாம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், 1759-ல் குனெர்ஸ்டார்ப் போர்க்களத்தில் மார்பை நோக்கி வந்த குண்டு சட்டைப்பையில் இருந்த டப்பியில் பட்டு நசுங்கியதால் உயிர் தப்பினார் என்பர். பொடியினால் ஒருவருக்கு நன்மை விளைந்ததாகச் சரித்திரம் கூறும் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. பிரெஞ்சு ராஜதந்திரி தாலிராண் கண்ட நன்மை வேறு. சங்கடமான கேள்வி வந்தால் டப்பியைத் திறப்பதும், சிட்டிகை எடுப்பதும், மூடுவதுமாக இருந்து பதிலுக்கு யோசிக்க அவகாசம் தேடிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. இக்காலத்து மந்திரிகளுக்குப் பொடி இல்லாமலே அந்த வித்தை கைவந்திருக்கிறது.

டப்பியின் மூடியில் அரசனின் சிறு சித்திரம். சித்திரத்தைச் சுற்றி வைரங்கள். உடன்படிக்கை கையெழுத்தானாலும், அந்நிய நாட்டு ஸ்தானாபதி தம் ஊருக்குத் திரும்பினாலும், முடிசூட்டு விழா நடந்தாலும் இந்த டப்பி வெளியே வரும். பெறுபவர் அந்தஸ்து உயர உயர, வைரங்களின் எடையும் உயரும். ருஷ்யச் சக்கரவர்த்தியின் சபையில் சித்திரம் பதித்த டப்பி ஒரு படி, சக்கரவர்த்தியின் பெயரெழுத்துப் பொறித்த டப்பி அதற்கு அடுத்த படி. பிரான்ஸில் அந்நிய நாட்டு விவகார இலாகா இதற்கென்றே ஓர் ஏடு வைத்திருந்தது. யாருக்கு, எப்போது, என்ன விலையில் கொடுக்கப்பட்டது என்று மன்னர் வெகுமதிகள் அதிலே பதிவாயின. அன்பளிப்பு என்று பெயர். ஆனால் அணா பைசா வரை கணக்கு! பிரிட்டனில் நான்காம் ஜார்ஜ் 1821-ல் முடிசூட்டிக்கொண்டபோது அந்நிய மந்திரிகளுக்குக் கொடுத்த பொடி டப்பிகளுக்காக லண்டன் நகைக்கடையான ரண்டெல் - பிரிட்ஜ் கம்பெனிக்குச் செலுத்தப்பட்ட தொகை 8,205 பவுன் 15 ஷில்லிங் 5 பென்ஸ். அந்த ஐந்து பென்ஸை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிரியத்தை அளப்பவர் பென்ஸ் வரை அளக்கமாட்டார். கூலியை அளப்பவரே அவ்வாறு அளப்பார்.

பெற்றவர்களும் அதை அவ்வாறே கருதினார்கள். டப்பியைப் பெற்ற மந்திரி அதை நகைக்கடைக்காரரிடமே திருப்பி விற்றுப் பணமாக்கிக் கொள்வது சாதாரண வழக்கமாக இருந்தது. கடைக்காரர் அதைத் துடைத்து, சித்திரத்தை மாற்றி, அரண்மனைக்கே மறுபடியும் விற்பார். அரண்மனை இன்னொரு மந்திரிக்கு வழங்கும். ருஷ்யாவில் இந்தச் சுற்றுக்கூட வேண்டியதில்லை. பரிசை அரண்மனைப் பொக்கிஷத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம். நெப்போலியனை வீழ்த்திய பின்னர் ஐரோப்பாவின் எல்லைகளைப் பங்கிட்ட பிரிட்டிஷ் மந்திரி காஸல்ரே பிரபுவுக்கு உடன்படிக்கைகளில் ஒப்பமிட்ட அரசர்களிடமிருந்து டப்பிகள் குவிந்தன. அவர் அவற்றை உருக்கி, அந்த அரசர்களின் சின்னங்கள் பொறித்த பொன் மைக்கூடு ஒன்று செய்துகொண்டார். தேசங்களின் தலைவிதியை எழுதின பேனா எந்த மையில் தோய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமையை நாம் கற்பனை செய்தாலும் பெறமுடியாது.

இவ்வளவு டப்பிகளில் ஒரே ஒரு டப்பிதான் சட்ட சரித்திரத்தில் இடம்பெற்றது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் ஆதிக்கத்தை உதறிய அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பிரதிநிதியாகப் பிரான்ஸில் பல ஆண்டுகள் இருந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிரெஞ்சுக் கடனும் கப்பற்படையும் இல்லாமல் அமெரிக்க சுதந்தரம் கைகூடியிராது. அவற்றைக் கொண்டுவந்தவர் அவர். 1785-ல் அவர் விடைபெற்றபோது பதினாறாம் லூயி மன்னர், தமது சித்திரம் பதித்த பொன் டப்பி ஒன்றைக் கொடுத்தார். சித்திரத்தைச் சுற்றி 408 வைரங்கள். கொடுத்தவர் உற்ற நண்பர். பெற்றவர் மாசற்ற தேசபக்தர். ஆயினும் அமெரிக்கர் கலங்கினார்கள். காரணம் உண்டு. தங்கள் முதல் கூட்டுறவு உடன்படிக்கையிலேயே, பொது உத்தியோகம் வகிப்பவர் எந்த அரசனிடமிருந்தும் வெகுமதி பெறலாகாது என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பிராங்க்ளினுக்கு முன்பே ஆர்தர் லீ என்ற பிரதிநிதியும் இத்தகைய டப்பி ஒன்றுடன் பிரான்ஸிலிருந்து திரும்பி, அதை என்ன செய்வது என்று காங்கிரஸையே கேட்டிருந்தார். பிராங்க்ளினும் காங்கிரஸின் அனுமதி கோரினார். 1786-ல் அனுமதி கிடைத்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நாம் இங்கே எழுதமாட்டோம். அடுத்த ஆண்டு, 1787-ல், பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் இயற்றியபோது அந்தத் தடை மறுபடியும் எழுதப்பட்டது. காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் எந்த உத்தியோகஸ்தரும் எந்த மன்னனிடமிருந்தோ அந்நிய ராஜ்யத்திடமிருந்தோ பரிசும் ஊதியமும் பதவியும் பட்டமும் பெறலாகாது என்பது அதன் சாரம். 1788-ல் வர்ஜீனியாவின் சபையில் இதை விளக்கிய எட்மண்ட் ராண்டால்ப், தங்கள் நேச மன்னர் தங்கள் ஸ்தானாபதிக்கு ஒரு டப்பி கொடுத்த சம்பவமே இந்தத் தடைக்குக் காரணமாயிற்று என்று வெளிப்படையாகவே கூறினார். பிராங்க்ளினை ஒருவரும் லஞ்சம் வாங்கியவர் என்று குற்றம் சாட்டவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத மனிதரை முன்னிட்டே சட்டம் செய்தார்கள் என்பதுதான் அவர்கள் பெருமை. கெட்டவன் வாங்கின பிறகு சட்டம் செய்வது எல்லாருக்கும் தெரியும்.

டப்பி பின்னர் என்ன ஆயிற்று? 1790-ல் காலமான பிராங்க்ளின் அதை மகள் ஸாராவுக்கு உயில் எழுதி வைத்தார். வைரங்களை எடுத்து நகை செய்து அணியும் வீண் வழக்கத்தை நாட்டில் புகுத்தக்கூடாது என்பது நிபந்தனை. மகள் சொல் தவறவில்லை, நகை செய்யவில்லை. வெளி வட்டத்து வைரங்களை விற்று, கணவரோடு ஐரோப்பிய யாத்திரை போய் வந்தாள்! அந்தச் சித்திரம் இன்று பிலடெல்பியாவில், பிராங்க்ளின் ஸ்தாபித்த தத்துவ சங்கத்தில், ஒற்றை வைரத்துடன் இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பொடி டப்பிக்குப் பதில் கில்லத்து உண்டு. சால்வை, தலைப்பாகை, வாள், குதிரை, நஜர் உண்டு. பெயர் வேறு, வேலை ஒன்று. 1757-ல் பிளாசிப் போருக்குப் பின் கிளைவ் ஒருவரே வங்காள நவாபிடமிருந்து பெற்றது 2,34,000 பவுன். அதைப் பார்த்து வயிறெரிந்த பார்லிமெண்டு 1773-ம் வருஷத்துச் சட்டத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சுதேச மன்னர்களிடம் வெகுமதி பெறுவதைத் தடுத்தது. அதன் பிறகு மன்னர்கள் கொடுக்கும் பட்டும் வாளும் கம்பெனியின் தோஷகானாவில் சேர்ந்தன. அங்கிருந்து அவையே வேறொரு மன்னருக்குக் கவர்னர் ஜெனரலின் பிரியமான பரிசாகப் புறப்பட்டன. பாரிஸ் நகைக்கடையின் சக்கரம் கல்கத்தாவிலும் சுழன்றது.

திருநெல்வேலிச் சீமை அக்காலத்தில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் வசூலுக்கு உட்பட்டிருந்தது. கம்பெனிக்கும் அதன் உத்தியோகஸ்தர்களுக்கும் கழுத்தளவு கடன்பட்டிருந்த அந்த நவாப், 1777-ல் பிரிட்டிஷ் ராணி சார்லட்டுக்கு ஐந்து வைரங்களைப் பரிசாக அனுப்பினார் என்று வைர வியாபாரச் சரித்திரம் கூறுகிறது. அந்த வைரங்களுக்குப் பின்னால் யார் வயலின் நெல் இருந்தது என்பதைப் பாளையக்காரனிடமும் குடியானவனிடமும் நவாபின் சிப்பாய்கள் நடத்திய வசூலை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1818-ல் ராணி காலமானார். வைரங்கள் பின்னர் எந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன தெரியுமா? பொடி டப்பிகளுக்காக எண்ணாயிரம் பவுன் வாங்கிய அதே ரண்டெல் - பிரிட்ஜ் கடைக்குத்தான்!

கம்பெனி நேராக ஆளத் தொடங்கியதும் பரிசின் உருவம் மாறிற்று; பொன்னுக்குப் பதில் நிலம். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் பறிமுதலாயிற்று. அதன் கிராமங்களில் ஒரு பகுதி, கம்பெனிக்குத் துணை நின்ற எட்டயபுரத்துக்குச் சன்மானமாயிற்று.

அந்த எட்டயபுரத்திலே 1882-ல் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். சிறு வயதில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் அவ்வூர்ச் சபையில்தான். புதுச்சேரியிலிருந்து 1918 நவம்பரில் வெளிவந்து, கடலூரில் சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலையான அவர், அம்பாசமுத்திரத்துக்கு அண்மையிலுள்ள கடையத்துக்கு, மனைவி செல்லம்மாளின் ஊருக்கு, வந்து சேர்ந்தார். வறுமை கூடவே வந்தது. 1919 மே மாதத்தில் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் எழுதிய சீட்டுக்கவி தமிழறிந்த எல்லாருக்கும் தெரியும். அதில் பிச்சை கேட்கும் குரல் இல்லை. தம் பாட்டை வேந்தன் கேட்க வேண்டும். ஜயபேரிகை முழங்கச் சால்வையும் பொற்பையும் பல்லக்கும் பரிவாரமும் தரவேண்டும் என்று, கடன் கொடுத்தவன் தவணை கேட்பது போலக் கேட்டார். பல்லக்கும் வரவில்லை, பொற்பையும் வரவில்லை. கம்பெனிக்குச் சேவை செய்தவருக்குக் கிராமம் கிராமமாகக் கிடைத்த மண்ணில், தமிழுக்குச் சேவை செய்தவருக்கு ஒரு சால்வை கிடைக்காமற் போயிற்று. வெகுமதி யாருக்குப் போகிறது என்பதைக் கொண்டு வெகுமதியின் ஜாதியை அறியலாம்.

ஆனால் அரசர் கொடையெல்லாம் இத்தன்மையன என்று நாம் கூறவரவில்லை. கடையத்திலிருந்து தாமிரபர்ணியை நோக்கி வந்தால் அம்பாசமுத்திரத்தில் எரிச்சாவுடையார் கோயில். அங்கே கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனுடையது. அம்பாசமுத்திரத்துக்கு அப்போது இளங்கோக்குடி என்று பெயர். முள்ளி நாட்டைச் சேர்ந்தது. மன்னன் தங்கியிருந்ததோ வெகு தூரத்தில், தொண்டை நாட்டிலே, பெண்ணையாற்றங்கரை அரைசூரில். அங்கிருந்து இளங்கோக்குடித் திருப்போத்துடைய பட்டாரருக்கு 290 காசு கொடுத்தான். கொடுத்தது எந்த அதிகாரியின் கையிலும் அன்று. ஊர்ச் சபையார் கையில். நிபந்தனை என்ன? முதல் அழியக்கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு நாள்தோறும் நான்கு வேளையும் திருவமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர், வாழைப்பழம், பாக்கு, வெற்றிலை எவ்வளவு என்று அளவு முறைப்படி கல்லில் வெட்டியிருக்கிறது. இதிலும் கணக்கு உண்டு. பிரெஞ்சு மந்திரி காரியாலயத்து ஏட்டைவிட நுணுக்கமான கணக்கு. வித்தியாசம் எதிலே? அந்த ஏடு அலமாரிக்குள் இருந்தது. இது கோயிலுக்கு வருகிற எவனும் படிக்கலாம். டப்பி மந்திரியின் பையோடு போயிற்று. காசு ஊரில் நின்றது.

கல்லில் ஏறாத கொடை என்ன ஆகும் என்பதற்கும் அதே தாலுகாவில் உதாரணம் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனின் மேற்கு மலைக் காடு, போரில் உதவியதற்காகத் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்ம மகாராஜா அளித்த பரிசு என்பது வழிவழி வந்த செய்தி. 1929-ல் ஜமீன் அக்காட்டில் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை பம்பாய் பர்மா வியாபாரக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அவ்வாறு தோன்றின. 1952-ல் ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் பரிசிலே ஒரு சாண் நிலமும் பாத்தியமாகவில்லை. 1999 ஜூலை 23-ல் அவர்களும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும் கூலி உயர்வும் சிறைப்பட்டோர் விடுதலையும் கோரித் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியின்போது 17 பேர் தாமிரபர்ணியில் மாண்டார்கள். குத்தகை 2028-ல் முடியுமுன்பே, 2024-ல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தித் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவிப்புக் கொடுத்தது. ஒரு மகாராஜா இன்னொரு ராஜாவுக்குக் கொடுத்த பரிசில், காட்டிலே உழைத்தவன் பெயர் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

நமது அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்தது. அதன் 18-வது ஷரத்து, அந்நிய ராஜ்யங்கள் அளிக்கும் பட்டங்களைப் பிரஜைகள் ஏற்கலாகாது என்கிறது. அதன் நான்காவது பிரிவு, சர்க்காரின் கீழ் ஊதியமோ நம்பிக்கையோ சார்ந்த பதவி வகிக்கும் எவரும் ராஷ்டிரபதியின் சம்மதமின்றி அந்நிய ராஜ்யத்திடமிருந்து எவ்விதப் பரிசையும் ஊதியத்தையும் பதவியையும் பெறலாகாது என்கிறது. பிராங்க்ளின் டப்பியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அந்த வாசகம் புதிதாகத் தோன்றாது. மந்திரிகள் வெளிநாட்டில் பெறும் பரிசுகளை ஒப்படைப்பதற்குத் தோஷகானா இன்றும் அந்நிய விவகார இலாகாவில் இருக்கிறது. கம்பெனி காலத்துப் பெயர்தான், நோக்கம் மாறியிருக்கிறது.

இவ்வளவும் கடலுக்கு அப்பாலிருந்து வரும் பொன்னுக்கு. உள்ளூரிலே மேடைதோறும் தலைவர்களுக்கு நீட்டப்படும் வெள்ளிச் செங்கோலுக்கும், வீரவாளுக்கும், பொன் மோதிரத்துக்கும் 18-வது ஷரத்து பொருந்தாது. அவற்றின் எடையும் விலையும், கொடுத்தவர் யார், கொடுத்த மாதத்தில் அவருக்கு எந்தக் குத்தகை கிடைத்தது என்பதும் எந்த ஏட்டில் ஏறுகின்றன? மேடையில் சேர்ந்து நின்று கை தட்டும் தொண்டர்களையே இதைக் கேட்கிறோம். எதேச்சாதிகாரியான பிரெஞ்சு மன்னரின் மந்திரி காரியாலயங்கூட ஓர் ஏடு வைத்திருந்தது.